வேதபாடத்தைச் சபைக்குள் கொண்டுபோவது எப்படி? ஊழியத் திட்டம் செய்யும் இறையியல் மாணவர்களின் கேள்விகள்

இறையியல் மாணவர்களின் ஊழியத் திட்டங்களுக்கு வழிகாட்டும்போது ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள் திரும்பி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் அங்கங்கே சிதறாமல் இருக்க, பெரும்பாலும் ஒன்றையே பிடித்துக்கொண்டேன்: எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியா, கடனில் நசுங்கின ஏழை யூதருக்காகப் பேசும் நெகேமியா 5-ம் அதிகாரமும், நம் சபைக் குடும்பங்களை அழுத்தும் கடனும்.

1. ஐயா, வேதபாடம் தனிப் பேப்பர், ஊழியப் பயிற்சி தனிப் பேப்பர். ரெண்டும் முடிச்சாச்சு. இந்தப் புராஜெக்ட்ல புதுசா என்ன கேட்கறாங்க?

இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கேட்கிறார்கள். இறையியல் பட்டம் தரும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரியானாலும், ஒரு திருச்சபை தானே நடத்தும் வேதாகமப் பள்ளியானாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு வேதபகுதியை முறையாக ஆராய வேண்டும். அந்த ஆய்வு காட்டும் வழியில் ஒரு சபையில் சிறிய ஊழியம் ஒன்றைத் திட்டமிட்டு நடத்த வேண்டும். அங்கே நடந்ததை நேர்மையாக எழுத வேண்டும்.

ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது, வேதபகுதி உங்கள் திட்டத்தை எந்த இடத்தில் மாற்றியது என்பதைத்தான். வேதபகுதியை மொத்தமாக எடுத்துவிட்டாலும் திட்டம் அப்படியே நிற்கிறது என்றால், அது நல்ல சமூக சேவையாக இருக்கலாம். ஆனால் வேத ஆய்வு அங்கே வேலை செய்யவில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

2. முதல்ல வசனத்தை எடுக்கணுமா, சபைப் பிரச்சினையை எடுக்கணுமா?

எதிலும் தொடங்கலாம். ஒன்றிலேயே நின்றுவிடக் கூடாது. வார இறுதி ஊழியத்துக்குப் போகும் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில்) பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபக் குறிப்புகளைக் கவனியுங்கள். "கடன் பாரத்துக்காக" என்று வாராவாரம் வருகிறதா? அது ஒரு தொடக்கம். அல்லது வகுப்பில் நெகேமியா படித்தபோது 5-ம் அதிகாரம் உங்களை விடாமல் பிடித்ததா? அதுவும் தொடக்கம்தான்.

பிரச்சினையிலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் மனதிலுள்ள தீர்வுக்கு ஏற்ற வசனத்தைத் தேடிப் போகிறார்கள். கடன் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது 2 இராஜாக்கள் 4: எலிசாவும் விதவையின் எண்ணெய்க் குடமும். அருமையான பகுதி. ஆனால் அதில் கடன் கொடுத்தவன் பிள்ளைகளை அடிமையாக்க வருகிறான் என்று கேள்விப்படுகிறோமே தவிர, அவனிடம் யாரும் பேசுவதில்லை. நெகேமியா 5-ல் கடன் கொடுத்தவர்கள் சபைக்கு நடுவே நிறுத்தப்படுகிறார்கள். முதல் பகுதியை எடுத்தால் உங்கள் திட்டம் அந்தக் குடும்பத்தின் விசுவாசம், உழைப்பு, அக்கம்பக்கத்தார் உதவி என்ற பக்கம் போகும். இரண்டாவதை எடுத்தால் கொடுத்தவர்களையும் கூட்டத்துக்கு அழைத்தே ஆகவேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்து, ஏன் இதைத் தேர்ந்தேன் என்று அறிக்கையில் ஒரு பத்தி சேருங்கள்.

3. தலைப்பு எவ்வளவு சின்னதா இருக்கலாம்? "தமிழகத் திருச்சபையில் வறுமை" போதுமா?

அது ஒரு வாழ்நாள் வேலை. ஒரு வேதபகுதி, ஒரு சபை, அதிலும் ஒரு குழு என்று சுருக்குங்கள். "நெகேமியா 5:1-13-ஐ ஒரு கிராம சபைப் பெண்கள் குழுவோடு வாசித்தல்: குழுக் கடன் பற்றிய ஓர் ஊழிய முயற்சி" என்பது போதும். தலைப்பு சிறுத்தால் மதிப்பெண் குறையும் என்ற பயம் வேண்டாம். ஆழமாகப் போக அதுதான் இடம் தரும்.

4. எனக்கு எபிரெயம் சுத்தமா வராது. எக்ஸெஜிசிஸ் (வேதபகுதி ஆய்வு) எழுத முடியுமா?

முடியும். எபிரெயம் தெரிந்தால் நல்லது, தெரியாதவர் செய்யக்கூடிய வேலையும் நிறைய இருக்கிறது. பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் பேசுகிறார்கள், யார் மௌனமாக இருக்கிறார்கள், முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, இதே விஷயத்தை மோசேயின் நியாயப்பிரமாணம் வேறெங்கே பேசுகிறது என்பவற்றுக்கெல்லாம் கவனமான வாசிப்பும், ஒரு சொல் வேதத்தில் வரும் இடங்களைக் காட்டும் ஒத்தவாக்கியப் புத்தகமும் போதும்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் சபையார் கையில் இருப்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தச் சபைகளில் அது பழைய திருப்புதல் என்ற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. அதோடு 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டும் வித்தியாசப்படும் வசனங்களைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போனால், எபிரெயம் தேவைப்படும் இடங்கள் தானாகவே சுருங்கிவிடும்.

5. எக்ஸெஜிசிஸ்ல என்னதான் எழுதணும்? நல்ல விளக்கவுரையைச் சுருக்கி எழுதினா போதாதா?

போதாது. விளக்கவுரையை எழுதியவர் உங்கள் சபைக்குப் போனவர் அல்ல. முதலில் நீங்களே வாசித்து, பார்த்ததை எழுதுங்கள். அப்புறம் விளக்கவுரையைத் திறந்து, எங்கே தவறினீர்கள் என்று சரிபாருங்கள். வரிசை மாறினால் உங்கள் கண் வேலை செய்யாது.

நெகேமியா 5-ஐயே பார்ப்போம். காலம் பெர்சிய அரசன் அர்தசஷ்டாவின் ஆட்சி. அவனுடைய 20-ம் ஆண்டில், அதாவது கி.மு. 445-ல், நெகேமியா எருசலேமுக்கு வருகிறார். 4-ம் அதிகாரத்தில் வெளியே எதிரிகள், 6-ம் அதிகாரத்தில் மறுபடியும் எதிரிகள், 52 நாளில் அலங்கம் (நகர மதில்) முடிகிறது. நடுவில் இந்த அதிகாரம் வந்து கட்டட வேலைக் கதையை நிறுத்துகிறது. கூக்குரல் எதிரிக்கு விரோதமாக எழவில்லை, சொந்த யூத சகோதரருக்கு விரோதமாக எழுகிறது. ஜனங்களோடு அவர்கள் மனைவிகளும் கூக்குரலிட்டார்கள் என்று முதல் வசனமே சொல்கிறது.

குறை சொல்கிறவர்கள் ஒரே வகையினர் அல்ல. பிள்ளைகள் அதிகம், சாப்பிடத் தானியம் இல்லை என்கிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் ஈடுவைத்தவர்கள் இருக்கிறார்கள். ராஜாவின் வரி கட்டக் கடன் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் சிலருடைய மகள்கள் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டார்கள். இதைப் பட்டியலிட்டாலே, "கடன் வாங்கினவங்க ஊதாரிங்க" என்ற சபைப் பேச்சுக்கு இந்தப் பகுதியில் இடமில்லை என்று தெரியும்.

இன்னொரு வசனத்தில் நில்லுங்கள். 10-ம் வசனத்தில் நெகேமியா தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும் பணமும் தானியமும் கொடுத்திருப்பதை ஒப்புக்கொண்டு, "இதை விட்டுவிடுவோம்" என்று தன்னையும் சேர்த்துப் பேசுகிறார். பிரசங்கங்களில் நெகேமியா என்றாலே ஆலயக் கட்டட நிதியும் தலைமைத்துவமும்தான். தலைவர் தன் கணக்கையும் சபைக்கு முன் வைத்த இந்த அதிகாரத்தை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அது பெரிய வருத்தம்.

6. சபையில கேள்வித்தாள் கொடுத்தேன். எல்லாரும் "கர்த்தர் நடத்துகிறார்"னு மட்டும் எழுதிக் கொடுத்துட்டாங்க. என்ன செய்ய?

கேள்வித்தாளை ஓரமாக வையுங்கள். கடன் எழுதிக் கொடுக்கிற விஷயம் அல்ல, மானம் சம்பந்தப்பட்டது. உட்கார்ந்து பேசுங்கள், அதிகமாகக் கேளுங்கள். வீட்டு ஜெபத்துக்குப் பின் டீ குடிக்கிற நேரத்தில் வரும் பேச்சு, கேள்வித்தாள் பத்துப் பக்கத்தில் தராததைத் தரும். "உங்களுக்கு எவ்வளவு கடன்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "நம்ம ஊர்ல அவசரத்துக்குப் பணம் வேணும்னா யார்கிட்ட போவாங்க, அக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் முழு வரைபடமும் வெளியே வரும்: நகை அடகு, தண்டல், குழு லோன், சொந்தக்காரர், சபைக்குள்ளேயே வட்டிக்கு விடுகிறவர்.

பின்னணியைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் தமிழகத்தில் 1989-ல் தருமபுரியில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. பின்னால் வந்த நுண்கடன் நிறுவனங்களின் குழு லோன் வேறு. அதில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். இரண்டையும் கலந்து எழுதும் அறிக்கைகள் நிறைய வருகின்றன. கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் வந்த மாநிலச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சொல்லித் தடை செய்கிறது. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. நீங்கள் தொடும் விஷயத்தின் கனம் அது.

7. "பார், தீர்மானி, செயல்படு"ன்னு ஒரு முறை சொல்றாங்களே, அதைத்தான் பின்பற்றணுமா?

கட்டாயமில்லை, பயனுள்ளது. பெல்ஜிய நாட்டுக் குருவான யோசேப்பு கார்டைன் இளம் தொழிலாளர் இயக்கத்தில் வளர்த்த முறை அது. 1961-ல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானின் சுற்றுமடலும் அதைப் பரிந்துரைத்தது. நிலைமையைப் பார்ப்பது, விசுவாசத்தின் ஒளியில் தீர்மானிப்பது, செயல்படுவது என்று மூன்று படி.

மாணவர் அறிக்கைகளில் இது சறுக்குவது இரண்டாம் படியில். பார்ப்பதற்கு நாற்பது பக்கம், செயலுக்கு இருபது பக்கம் எழுதிவிட்டு, நடுவில் வசனங்களின் பட்டியலை ஒட்டிவிடுகிறார்கள். 5-ம் கேள்வியில் சொன்ன ஆய்வு உட்கார வேண்டிய இடம் அந்த நடுப்படிதான்.

8. அப்படீன்னா வேதபகுதியையும் களத்தையும் எப்படி இணைக்கிறது? என் ரிப்போர்ட்ல ரெண்டும் தனித்தனியா நிக்குது.

அடிக்கடி வரும் கேள்வி இது, கடினமானதும் இதுதான். "அன்று நெகேமியா செய்தார், இன்று நாமும் செய்வோம்" என்ற ஒரே வாக்கியத்தில் இருபத்துநான்கு நூற்றாண்டுகளைத் தாண்டப் பார்க்கிறோம். அப்படிச் செய்யாமல், ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் அவர்கள் நிலைமையையும் மறுபக்கம் உங்கள் சபை நிலைமையையும் எழுதுங்கள். ஒத்துப்போவதை எழுதுவது எளிது. ஒத்துப்போகாததைக் கட்டாயம் எழுதுங்கள், திட்டம் அங்கேதான் பிறக்கும்.

எருசலேமில் கடன் கொடுத்தவர்கள் முகம் தெரிந்த சகோதரர்கள், ஒரே கூட்டத்தில் நிறுத்தக்கூடியவர்கள். உங்கள் கிராமத்தில் குழு லோன் கொடுத்தது ஒரு நிறுவனம், அதன் முதலாளியை யாரும் பார்த்ததில்லை. ஆனால் தவணை நாளில் வாசலில் வந்து நின்று கேட்பவர் அதே சபையில் உட்காரும் இன்னொரு அக்கா, ஏனென்றால் அவர் கட்டவில்லை என்றால் இவர் கட்ட வேண்டும். சகோதரிக்கு எதிராகச் சகோதரியை நிறுத்துகிற வேலையை அந்தக் கடன் முறையே செய்துவிடுகிறது. நெகேமியாவைப் போலக் கடன் கொடுத்தவரை அழைத்துக் கண்டிப்பது இங்கே நடக்காது. ஆனால் பகுதி நம்மை வேறொரு கேள்விக்குத் தள்ளுகிறது: தவணை நெருக்கடியில் ஒரு சகோதரி இன்னொரு சகோதரியை அவமானப்படுத்தாமல் இருக்க இந்தச் சபை என்ன ஏற்பாடு செய்யலாம்?

ஒரு மாணவி முதலில் "சிக்கன வாழ்வு" பற்றி மூன்று வகுப்புகள் நடத்தத் திட்டமிட்டிருந்தார். இப்படி எழுதிப் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டு, குழுப் பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு சிறு அவசர நிதி தொடங்கவும், தவணை தவறினவர் வீட்டுக்குக் கூட்டமாகப் போவதில்லை என்று முடிவெடுக்கவும் உதவினார். முதல் கேள்வியில் கேட்ட "வேதபகுதி திட்டத்தை எங்கே மாற்றியது" என்பதற்கு அவர் ஒரே பத்தியில் பதில் எழுதினார்.

9. சபையாரோட சேர்ந்து வேதம் வாசிக்கும்போது நான் விளக்கணுமா, அவங்களைப் பேச விடணுமா? பேச விட்டா தப்பா விளக்கிடுவாங்களே?

பேச விடுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஜெரால்ட் வெஸ்டும் அவரோடு உழைத்தவர்களும் உருவாக்கிய சூழல்சார் வேத வாசிப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. 2 சாமுவேல் 13-ல் வரும் தாமாரின் கதையைப் பெண்களோடு வாசித்து, பெண்கள் மீதான வன்முறையைச் சபைகள் வாய்திறந்து பேசும்படி செய்தார்கள். அங்கே வேதம் படித்தவரின் வேலை முடிவைச் சொல்வது அல்ல. நல்ல கேள்விகளைத் தயாரித்து, பகுதியை மெதுவாக வாசிக்க வைப்பது.

அந்தக் கேள்விகளில்தான் உங்கள் ஆய்வு ஒளிந்திருக்கும். "இந்தப் பகுதி எதைப் பற்றியது?" என்று திறந்த கேள்வியோடு தொடங்குங்கள். அப்புறம் பகுதிக்குள் இறக்குங்கள்: "கூக்குரலிட்டவர்கள் யார் யார்? ஏன் கடன் வாங்கினார்கள்?" "கடன் கொடுத்தவர்கள் 8-ம் வசனத்தில் ஏன் பதில் பேசவில்லை?" "நெகேமியா தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்?" கடைசியில் ஊருக்கு வாருங்கள்: "நம்ம ஊரில் இந்தக் கூக்குரல் எந்த வீட்டில் கேட்கிறது?" பகுதியை விட்டு யாராவது தூரம் போனால் கண்டிக்க வேண்டாம். "எந்த வசனத்துல இருந்து சொல்றீங்க, அம்மா?" என்று கேட்டாலே அவர்கள் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

அவர்கள் சொன்னதை அறிக்கையில் அவர்கள் வார்த்தையில் எழுதுங்கள். விளக்கவுரைகளில் நான் பார்த்திராத வாசிப்பு சில சமயம் அங்கே வரும். "மகள்களை அடிமையாக்கினார்கள்" என்ற வசனத்தில், நூற்பாலைக்கு அனுப்பிய தன் மகளை நினைக்கிற தாய்க்கு வேத ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை.

10. "நூற்றுக்கொன்று" வட்டின்னு 11-ம் வசனத்துல இருக்கு. நம்ம ஊர் கணக்குல அது வெறும் ஒரு வட்டி. இதுக்கா நெகேமியா இவ்வளவு கோபப்பட்டாரு?

நல்ல கேள்வி. அது மாதக் கணக்கு என்று பல விளக்கவுரையாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அப்படியானால் ஆண்டுக்கு 12 விழுக்காடு. வசனத்தில் மாதம் என்ற சொல் இல்லை, அதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். பழைய பாபிலோனில், ஹமுராபி காலத்தில், வெள்ளிக்கு ஆண்டுக்கு 20 விழுக்காடும் தானியத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் வழக்கமான வட்டி. அதோடு பார்த்தால் இது கொள்ளை வட்டி அல்ல.

ஆகவே கோபம் வட்டி வீதத்தின் மேல் வந்தது அல்ல. யாத்திராகமம் 22:25-ம் லேவியராகமம் 25:35-37-ம் ஏழைச் சகோதரனிடம் வட்டியே வாங்காதே என்கின்றன. பசியில் வந்தவனுக்குக் கொடுத்து, அவன் நிலத்தையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டதுதான் நெகேமியாவை எரித்தது. இதை விட்டுவிட்டால் உங்கள் கூட்டத்தில் யாராவது, "நான் ரெண்டு வட்டிக்குத்தான் கொடுக்கிறேன், நியாயமாத்தான் நடக்கிறேன்" என்று சொல்லி எளிதாகத் தப்பித்துவிடுவார். கூடவே உபாகமம் 23:20 அந்நியனிடம் வட்டி வாங்க அனுமதிப்பதையும் மறைக்காதீர்கள். வங்கிக் கடனை இந்த வசனங்களால் நேரடியாகத் தீர்ப்பிடவும் வேண்டாம். தொழிலுக்கு வாங்கும் கடனும் அரிசிக்கு வாங்கும் கடனும் ஒன்றல்ல.

11. நல்லா ஒரு பிரசங்கம் பண்ணிட்டு, அதையே புராஜெக்ட்டா காட்டலாமா?

பிரசங்கம் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். அதற்கு முன் கேட்டதும் அதற்குப் பின் நடந்ததும் சேர்ந்தால்தான் திட்டம். பிரசங்கத்தை அப்படியே இருபது பக்கம் பின்னிணைப்பாகப் போடாதீர்கள்.

12. சேகரக் கமிட்டியில இருக்கிற ஒருத்தரே வட்டிக்கு விடுறவர். ஐயர் (எங்க போதகர்) இந்தத் தலைப்பே வேண்டாம்கிறார். என்ன செய்யலாம்?

ஐயரின் பயத்தை மதியுங்கள். நீங்கள் படிப்பு முடிந்து போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருந்து எல்லாரையும் நடத்த வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், அவருக்குத் தெரியாமல் வேறு பெயரில் நடத்தவும் செய்யாதீர்கள். பகுதியை முதலில் அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். 9-ம் பதிலில் உள்ள கேள்விகளை அவரிடமே கேளுங்கள். பல நேரங்களில் அவருடைய மனதிலும் அதே பாரம் இருக்கும், பேசத்தான் துணை இல்லை.

வட்டிக்கு விடுகிறவரை மேடையில் குறிவைக்காதீர்கள். நெகேமியா கடிந்துகொண்டார் என்பது உண்மை. ஆனால் அவர் ஆளுநர், அதிகாரமும் பொறுப்பும் உள்ளவர், மேலும் 14-ம் வசனத்திலிருந்து, தனக்கு உரிய படியையே வாங்காமல் 12 ஆண்டுகள் இருந்ததைச் சொல்ல முடிந்தவர். மாணவராகிய உங்களுக்கு அந்த இடம் இல்லை. அப்புறம், கடன் கொடுப்பவரும் வாசிப்பில் உட்காரட்டும். அவசரத்துக்கு ராத்திரியில் கதவைத் தட்டினால் பணம் கொடுப்பவர் அவர் ஒருவராகவே இருக்கலாம். அவர் தரப்பைக் கேட்காமல் எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

சுத்தமாக முடியாது என்றால் வேறு தலைப்பு எடுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதை, யாரையும் அடையாளம் காட்டாமல், ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள்.

13. அப்ப சாதியை எடுக்கலாமா? கலாத்தியர் 3:28 இருக்கே.

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐ எல்லாச் சபையிலும் ஆமென் போட்டுக் கேட்கிறார்கள், அடுத்த நாள் கல்லறைத் தோட்டம் தனித்தனியாகவே இருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்துக்குப் போங்கள். 2:11-14-ல் அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்து, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொள்கிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கேட்கிறார். கொள்கையை யாரும் மறுக்கவில்லை, பந்தியில் உட்காரும் இடத்தில்தான் சிக்கல். நம் சபைகளின் பிரச்சினையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது: திருவிருந்தில் யார் முன்னே, சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தில் யார் சமைக்கிறார், கல்யாணம் யாரோடு.

இதற்குத் தமிழ்ச் சபையில் நீண்ட வரலாறு உண்டு. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு வந்தது, பலர் சபையை விட்டே விலகினார்கள். மேலிருந்து வந்த உத்தரவு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று யோசித்துவிட்டு உங்கள் திட்டத்தை வரையுங்கள். 12-ம் பதிலில் சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். ஒரே ஒரு வேறுபாடு: சாதியால் காயப்பட்டவர்கள் "இப்ப வேண்டாம், தம்பி" என்று சொன்னால், அவர்கள் பேச்சுக்குத்தான் முதல் மதிப்பு.

14. ஒரு அக்கா அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாங்க. அதை அப்படியே எழுதலாமா?

அவர் அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது. அனுமதி தந்தாலும் பெயர், ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். சின்ன ஊரில் "தையல் வேலை செய்யும் விதவை" என்று எழுதினாலே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அறிக்கை நூலகத்தில் வைக்கப்படும், அடுத்த ஆண்டு அதே சேகரத்துப் பையன் அதைத் திறப்பான் என்று நினைத்து எழுதுங்கள்.

உரையாடலை நினைவிலிருந்து வரிவரியாக எழுதி, வழிகாட்டியோடு உட்கார்ந்து ஆராயும் பழக்கம் மருத்துவமனை ஊழியப் பயிற்சியில் உண்டு. அமெரிக்காவில் 1925-ல் ஆன்டன் பாய்சன் ஒரு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சி தொடங்கியதிலிருந்து வளர்ந்த மரபு அது. அந்தக் குறிப்பின் நோக்கம் நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்பதைப் பார்ப்பது. அது உங்களுக்கும் வழிகாட்டிக்கும் இடையே இருக்கட்டும். அறிக்கையில் அதிலிருந்து கற்றது மட்டும் போதும்.

15. பேசிக்கிட்டிருக்கும்போதே ஒருத்தர் "செத்துடலாம்னு தோணுது"ன்னு சொன்னா?

திட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அவரோடு இருங்கள். வசனம் சொல்லி அவசரமாக ஆறுதல்படுத்த வேண்டாம். அப்படித் தோன்றுவதை நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் கூடாது. அவரைத் தனியாக விடாமல், நம்பிக்கையான ஒரு குடும்பத்தாரையும் போதகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஜெபிக்க வேண்டும் என்று அவரே கேட்டால் 13-ம் சங்கீதத்தைப் போல "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்கும் ஜெபம் செய்யுங்கள். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் துதி கூட இல்லை. வேதத்தில் அதற்கும் இடம் இருக்கிறது என்பதை அறிந்தவர், அழுகிறவரைச் சீக்கிரம் சிரிக்க வைக்கப் பார்க்க மாட்டார்.

16. நெகேமியா 13-ல அந்நிய மனைவிகளை வெச்சிருந்தவங்களை அவர் அடிச்சு, மயிரைப் பிடுங்கினாருன்னு இருக்கு. 5-ம் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு இதை விட்டுட்டா நேர்மையா?

விட்டுவிட வேண்டாம். உங்கள் திட்டத்துக்கு 5-ம் அதிகாரம் போதும், ஆனால் அதே மனிதரின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். சிறிய, நொறுங்கின சமூகம் தன் அடையாளம் அழிந்துவிடும் என்று பயந்த காலம் அது என்று விளக்கலாம். விளக்கிவிட்டதால் நியாயமாகிவிட்டது என்று எழுத வேண்டியதில்லை. மோவாபியப் பெண்ணான ரூத்தைத் தாவீதின் பூட்டியாக நிறுத்துவதும் அதே வேதம்தான். இரண்டையும் எதிரெதிரே வைத்து வாசிக்கத் தெரிந்தவராக இருங்கள். கலப்புத் திருமணம் செய்த பிள்ளையை வீட்டுக்குள் விடாத பெற்றோர் நாளைக்கு உங்களிடம் நெகேமியா 13-ஐத்தான் காட்டுவார்கள்.

17. எல்லாம் செஞ்சேன், சபையில ஒண்ணும் மாறல. ஃபெயில் ஆக்கிடுவாங்களா?

மாட்டார்கள். சில வார இறுதிகளில் ஒரு சபை தலைகீழாக மாறியது என்று எழுதினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். நான்கு பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள், அவசர நிதியைப் பற்றிப் பேசியபோது யாரும் முதல் ரூபாயைப் போட முன்வரவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். பிறகு, அந்த அனுபவத்தோடு நெகேமியா 5-ஐ மறுபடி வாசித்து இப்போது என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். 12-ம் வசனத்தில் அவர் அவர்கள் வாய்வார்த்தையோடு விடாமல், ஆசாரியரை அழைத்து ஆணையிட வைத்தது ஏன் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிகிறது.

18. கடைசியில பரிந்துரைகள் எத்தனை எழுதலாம்?

மூன்றுக்கு மேல் வேண்டாம். "திருச்சபை வறுமையை ஒழிக்க முன்வர வேண்டும்" போன்றவற்றை எழுதாதீர்கள், அதைச் செய்ய யாரும் இல்லை. அந்தச் சேகரத்தில் இன்னார் இந்த மாதத்துக்குள் செய்யக்கூடியது என்று எழுதுங்கள். உதாரணமாக, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் அவசர நிதிக்கு ஒரு கணக்குப் புத்தகம் வாங்கித் தொடங்கலாம், போதகர் அடுத்த திருவிருந்துக்கு முந்தின வாரம் நெகேமியா 5-ஐ எல்லாக் குழுக்களோடும் வாசிக்கலாம். அறிக்கையைக் கல்லூரியில் கொடுத்த பிறகு, பரிந்துரைப் பக்கத்தின் ஒரு பிரதியைப் போதகரிடமும் வாசிப்பில் பங்கெடுத்தவர்களிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. அந்த மக்கள் பேசியதால்தான் உங்கள் அறிக்கை எழுதப்பட்டது.